ஆற்றில் இறங்காத ஆள்

ஆற்றில் எவ்வளவு வெள்ளம் வந்தாலும் நாணல்குப்பத்துக்குள் தண்ணீர் ஏறாது என்றது தலைமைப் பொறியாளர் தணிகாசலத்தின் கணினி மாதிரி. அங்கே வெள்ளத்தடுப்புக் கரை தேவையில்லை என்று எழுதிவிட்டார். அவர் அலுவலகத்துத் தற்காலிக ஊழியர் பூரணிக்கு அதுதான் சொந்த ஊர். போன மழையில் ஊரே இடுப்பளவு நீரில் நின்றது.

"மாதிரி தப்பு சார்," என்றாள்.

"ஊர்ப்பேச்சு கணக்காகாதும்மா. அங்கே அளவுகோலும் கிடையாது. பத்து வருஷ நீர்மட்டத்தை நாளைக்குள் கொண்டு வா, திருத்துகிறேன்," என்று சிரித்தார்.

மறுநாள் அவள் ஒரு நீர்மட்டப் பட்டியலை நீட்டினாள். "இது அணைக்குக் கீழே எடுத்தது சார். அங்கே இருக்கிற நம்ம அளவுகோலோடு ஒப்பிட்டுப் பாருங்க."

சாண் அளவுகூட வித்தியாசமில்லை. "யார் அளந்தது? நம்ம ஆட்களைவிடக் கெட்டிக்காரன்."

"ஆற்றில் இறங்காத ஆள் சார். செயற்கைக்கோள். பத்து நாளைக்கு ஒருமுறை மேலே போகும்போது அளந்துவிடும். இதோ, அதே ஆள் நாணல்குப்பத்தில் பத்து வருஷமா அளந்தது."

அதில் வெள்ள மட்டம் கணினி மாதிரி சொன்னதைவிட ஒன்றரை மீட்டர் அதிகம். பாராட்டிய வாயால் அவரால் மறுக்க முடியவில்லை.

"மாதிரியில் படுகை வெறும் மணல் சார். இப்போது அங்கே கருவேலங்காடு. தண்ணீர் ஓட முடியாமல் உயர்கிறது," என்றாள் பூரணி.

அவர் உட்கார்ந்து திருத்தினார். மாதிரியும் செயற்கைக்கோளும் ஒத்துப்போயின.

ஆவணிக்குள் கரை எழுந்தது. ஐப்பசி வெள்ளம் அதில் பாதிவரை ஏறி வடிந்துபோனது. ஊரில் அன்று எல்லா வீட்டிலும் உலை கொதித்தது.