ஒன்பதாம் எண்

மூன்று முறை கால நீட்டிப்பு வாங்கிவிட்ட ஆய்வு மாணவர் ஒருவர், தம் நெறியாளரின் அறைக்குள் போய், உட்காராமலே கேட்டார்.

"இருபத்துநான்கு பேரில் ஒரே ஒருவரை நீக்கினேன் மேடம். அதற்கா ஆய்வேட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறீர்கள்?"

மாணவர் என்றால் வாலிபர் இல்லை. மாசிலாமணிக்கு ஐம்பத்தொரு வயது. இருபத்திரண்டு வருடம் பிசியோதெரபிஸ்டாக இருந்து, விழுந்த கைகளையும் கால்களையும் தூக்கிவிட்டவர். நெறியாளர் டாக்டர் ஜெசிந்தா அவரைவிட எட்டு வயது இளையவர். இவர் அவரை மேடம் என்பார். அவர் இவரை சார் என்பார்.

பார்க்கின்சன் நோய் வந்தவர்களின் தலைமேல் காந்தச் சுருளை வைத்து மூளையைத் தூண்டினால் கை நடுக்கம் குறையுமா என்பது மாசிலாமணியின் ஆய்வு. பன்னிரண்டு பேருக்கு நிஜச் சுருள். மற்றப் பன்னிரண்டு பேருக்குப் போலிச் சுருள். பார்க்க ஒன்றுபோல இருக்கும், அதே டக் டக் சத்தம் போடும், மண்டைக்குள் எதுவும் போகாது. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, சோதிக்கிற மாசிலாமணிக்கும் தெரியாது. தொடங்குமுன் ஒரு முறையும் பத்து நாள் முடிந்தபின் ஒரு முறையும் ஒவ்வொருவரும் காகிதத்தில் நத்தைக் கூடு போல ஒரு சுழி வரைய வேண்டும். கோடு எத்தனை இடத்தில் நடுங்குகிறது என்று அவர் எண்ணுவார்.

எண்ணி முடித்து, யாருக்கு எந்தச் சுருள் என்று எழுதி ஒட்டியிருந்த உறையைப் பிரித்தார். நிஜச் சுருள்காரர்கள் தேறியிருந்தார்கள். ஆனால் போலிச் சுருளில் இருந்த ஒன்பதாம் எண் அவர்களையும் மிஞ்சித் தேறியிருந்தது. முதல் சுழியில் நாற்பத்தொரு நடுக்கம், கடைசிச் சுழியில் பன்னிரண்டு. அந்த ஒரு ஆள் இருந்தால் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் உண்டு என்று சொல்ல முடியாது. அந்த ஒரு ஆள் இல்லாவிட்டால் சொல்லலாம்.

"அந்த அம்மா விதியை மீறியவர்" என்றார் மாசிலாமணி. "சோதனை நாளில் மாத்திரை போடாமல் வரவேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். நானே போன் பண்ணிக் கேட்டேன். ஒப்புக்கொண்டார். நடுக்கத்தைக் குறைத்தது அந்த மாத்திரைதான்."

"சரி. நீக்கியதை அவரிடம் சொல்லிவிட்டீர்களா?"

"அதை யாராவது சொல்வார்களா?"

"நேரில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். வந்ததும் கையெழுத்துப் போடுகிறேன்."

மாசிலாமணி மேசைமேலிருந்த நாட்காட்டியைத் தட்டிக் காட்டினார்.

"இன்றைக்குத் திங்கள். வெள்ளிக்கிழமை ஐந்து மணியோடு என் கெடு முடிகிறது. நான்காவது நீட்டிப்பு கிடையாது. ஐந்து வருட உழைப்பு மேடம்! எந்த ஊரில், எந்த ஆய்வில், நீக்கியவர் வீட்டுக்குப் போய் நீக்கிவிட்டேன் என்று சொல்லியிருக்கிறார்கள்?"

"எங்கேயும் இல்லை" என்றார் ஜெசிந்தா. "அவர் ஊர் கழுகுமலைதானே? நாளைக்குப் போனால் நாளைக்கே திரும்பிவிடலாம் சார்."

மறுநாள் காலை அவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வழி நெடுகத் தனக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டு போனார். சண்டையில் எல்லாத் தடவையும் அவரே ஜெயித்தார்.

ஒன்பதாம் எண்ணின் பெயர் செண்பகவல்லி. அறுபத்துமூன்று வயது. வாசலில் முறத்தை மடியில் வைத்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். வலது கை ஆடியது. முறமும் சேர்ந்து ஆடியது.

"அடடே, கரண்டு சாரா? வாங்க வாங்க. என்ன இவ்வளவு தூரம்? என் கையில ஏதும் புதுசா கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"இல்லம்மா. ஒரு விஷயம் சொல்லிட்டுப் போக வந்தேன்."

"மொதல்ல மோரு குடிங்க. எனக்கு வச்சது நெசமா, சும்மாவா? அதைச் சொல்லுங்க."

"சும்மாதாம்மா."

செண்பகவல்லி சிரித்தார். "நெனச்சேன். பக்கத்துல இருந்தவுக எல்லாம் தலைக்குள்ள கொட்டுற மாதிரி இருக்குன்னாக. எனக்கு சத்தந்தான் கேட்டுச்சு. அதுக்குக் கோவமில்ல சார். பாதிப் பேருக்கு சும்மான்னு மொத நாளே சொல்லிட்டீங்க."

மாசிலாமணி மோரைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"மாத்திரை போட்டுட்டு வந்ததால உங்களைக் கணக்குல இருந்து எடுத்துட்டேன்."

முறம் நின்றது. கை மட்டும் ஆடியது.

"எடுத்துட்டீங்கன்னா?"

"நீங்க ஆய்வுல இல்லைன்னு அர்த்தம். மொத்தம் இருபத்துமூணு பேர்னு எழுதியிருக்கேன்."

"நான் வரவே இல்லையா?"

"வந்தீங்க. ஆனா..."

"பத்து நாளு சார்! ரெண்டு பஸ்ஸு மாறி, அந்த நாற்காலியில வந்து உக்காந்தேன். ஒரு நாளு நின்னேனா? சத்துணவுல இருபத்தொம்பது வருசம் சமைச்சவ நான். வந்த பிள்ளையை வரலன்னு ஒரு நாளும் எழுதினதில்ல. வராத பிள்ளைய வந்ததா எழுதச் சொன்ன ஆபீசரையும் பாத்திருக்கேன். முடியாதுன்னு கரண்டியக் கீழ வச்சிருக்கேன். நீங்க படிச்சவுக, வந்த மனுசிய வரலன்னு எழுதுதீங்க!"

"விதின்னு ஒண்ணு இருக்கும்மா. மாத்திரை போடாதீங்கன்னு சொன்னோமா இல்லையா?"

"சொன்னீங்க. மொத சோதனைக்குப் போடாமத்தான் வந்தேன். மகன் காருல கொண்டாந்து எறக்கினான். கடைசி நாளு அவன் ஊர்ல இல்ல. காலையில எந்திரிச்சா காலு தரையோட ஒட்டிக்கிட்டு வரமாட்டேங்குது. மாத்திரை போடாம நான் எப்படி பஸ் ஏறுவேன்? படியில ஒரு காலு, கீழ ஒரு காலுன்னு நிக்கவா? கண்டக்டரு விசில் அடிப்பானா, என் காலு இளகட்டும்னு காத்திருப்பானா? சொல்லுங்க!"

மாசிலாமணி காலி டம்ளரை எடுத்து மறுபடி கீழே வைத்தார்.

"நீங்க போன்ல கேட்டீங்க. ஆமான்னு சொன்னேன். இல்லைன்னு பொய் சொல்லியிருந்தா கணக்குல இருந்திருப்பேன். அப்படித்தானே?"

"அதுக்கில்லம்மா..."

"அந்தத் தையல்காரரு பிச்சையா இருக்காரா கணக்குல?"

பிச்சையா பதினான்காம் எண். நிஜச் சுருளில் எல்லாரையும்விட அதிகம் தேறியவர். அவருடைய இரண்டு சுழிகளும் ஆய்வேட்டின் முதல் படமாக அச்சாகியிருந்தன.

"இருக்கார்."

"கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுல என் பாட்டில்ல தண்ணி வாங்கித்தான் அவரு மாத்திரை முழுங்கினாரு. அன்னிக்கு நான் வீட்டுல முழுங்கினேன், அவரு பஸ் ஸ்டாண்டுல முழுங்கினாரு சார். அவரு உள்ள, நான் வெளியவா? இது எந்த ஊரு நியாயம்?"

மாசிலாமணி எழுந்தார். செருப்பைப் போடப் போனவர், இடது காலில் வலது செருப்பை மாட்டிவிட்டு மறுபடி கழற்றினார்.

"நல்லாப் பாத்து மாட்டுங்க" என்றார் செண்பகவல்லி. "உங்களுக்குத்தான் கையி ஆடலியே."

ஊர் எல்லை தாண்டி ஒரு புளிய மரத்தடியில் வண்டியை நிறுத்தி, பிச்சையாவுக்குப் போன் செய்தார்.

"ஆமா சார், போட்டுட்டுத்தான் வந்தேன்."

"ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலியே சார்."

கேட்கவில்லைதான். மாசிலாமணி வண்டியின் மேல் சாய்ந்து நின்று யோசித்துப் பார்த்தார். ஒன்பதாம் எண்ணை ஏன் கேட்டோம்? அந்தச் சுழி பிடிக்கவில்லை, கேட்டோம். பதினான்காம் எண்ணின் சுழியைக் கண்டபோது என்ன செய்தோம்? சட்டம் போட்டு மாட்டாத குறையாக எல்லாருக்கும் காட்டினோம்.

புதன்கிழமை காலை ஒரு நோட்டில் ஒன்று முதல் இருபத்துநான்கு வரை எண் போட்டார். ஒன்பதுக்கும் பதினான்குக்கும் நேராக எழுதிவிட்டு, மீதி இருபத்திரண்டு பேரையும் அழைத்தார். எல்லாரிடமும் ஒரே கேள்வி, ஒரே வார்த்தைகளில். எடுக்காதவர்களை மூன்று தடவை அழைத்தார். வியாழக்கிழமை மதியம் கணக்கு முடிந்தது.

மாத்திரை போட்டு வந்தவர்கள் பதின்மூன்று பேர். ஏழு பேர் நிஜச் சுருள், ஆறு பேர் போலிச் சுருள். மூன்று பேருக்கு நினைவில்லை. போடாமல் வந்தவர்கள் எட்டுப் பேர். அந்த எட்டில் ஆறு பேர் சொந்தக் காரில் வந்தவர்கள். இரண்டு பேர் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெரு.

எட்டுப் பேரை மட்டும் வைத்துப் பார்த்தார். வித்தியாசம் இல்லை. இருபத்துநான்கு பேரையும் வைத்துப் பார்த்தார். வித்தியாசம் இல்லை.

நோட்டை எடுத்துக்கொண்டு ஜெசிந்தாவின் அறைக்குப் போனார். இந்த முறையும் உட்காரவில்லை.

"எல்லாம் போச்சு மேடம். பதின்மூன்று பேர்! படித்துப் படித்துச் சொல்லி, கையெழுத்து வாங்கி, தலையை ஆட்டிவிட்டுப் போய், மாத்திரையை முழுங்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். என்னை ஏமாற்றிவிட்டார்கள்."

ஜெசிந்தா நோட்டை வாங்கி மேலிருந்து கீழே படித்தார். அப்புறம் கேட்டார்.

"கேட்டபோது எத்தனை பேர் மறைத்தார்கள்?"

மாசிலாமணி நோட்டைப் பார்த்தார். அதில் அப்படி ஒரு கட்டமே இல்லை.

"யாரும் மறைக்கவில்லை."

"ஒன்பதாம் எண் என்ன சொன்னார்?"

"திட்டினார்."

"என்னவென்று?"

அவர் சொன்னார். பஸ் படி, கண்டக்டர், பாட்டில் தண்ணீர், சத்துணவுக் கரண்டி, ஒன்றையும் விடாமல் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் குரல் உயர்ந்தது. செண்பகவல்லியின் கோபம் அவர் வாயில் வந்து உட்கார்ந்துகொண்டது போல இருந்தது. முடித்தபோதுதான் தான் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைக் கவனித்தார்.

"இதை அப்படியே எழுதுங்கள்" என்றார் ஜெசிந்தா.

"ஆய்வேட்டிலா?"

"எண்ணிக்கையோடு."

அவர் மூன்றாம் அத்தியாயத்தைத் திருத்தினார். ஐந்தாம் அத்தியாயத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினார். முதல் படத்தை எடுத்துவிட்டார். இருபத்துமூன்று என்று இருந்த ஒன்பது இடங்களிலும் இருபத்துநான்கு என்று மாற்றினார். வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு ஏட்டைக் கொண்டுபோய் மேசையில் வைத்தார்.

ஜெசிந்தா பேனாவைத் திறந்தார்.

மாசிலாமணியால் பொறுக்க முடியவில்லை.

"கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன் மேடம். தலைமேல் காந்தம் வைத்தால் கை நிற்குமா என்று கேட்டேன். ஐந்து வருடம் கழித்து, தெரியவில்லை என்று நூற்றெழுபது பக்கம் எழுதியிருக்கிறேன். பட்டம் கொடுத்தாலும் கொடுப்பார்கள். ஆனால் இதை யார் படிப்பார்கள்?"

ஜெசிந்தா கையெழுத்தைப் போட்டுவிட்டுத் தேதியையும் எழுதினார். ஏட்டை அவர் பக்கம் தள்ளினார்.

"எங்கோ ஒரு ஊரில் ஒருவர் இதே ஆய்வைத் தொடங்கப் போகிறார் சார். மாத்திரை போடாமல் வாருங்கள் என்று ஒரு தாளில் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார். அவர் படிப்பார்."