யானைக்குட்டிக்குத் தாய்மாமன்

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்குப் பொழுது போகாமல் கிடந்த காலத்தில், பிள்ளையில்லாத ராஜா ஒருவர் பட்டத்து யானையின் குட்டியைத் தத்தெடுத்துக்கொண்டார். "இனி இவனே இளவரசன். வெள்ளிக்கிழமை காதுகுத்து!" என்று முரசு கொட்டியாயிற்று. யார் வாயைத் திறப்பது?

அந்தச் சபையில் விகடகவி திருமேனி இருந்தார். அவர் உள்ளே நுழைந்தால் கட்டியக்காரன் அவருடைய ஒன்பது பட்டங்களையும் மூச்சுவிடாமல் முழங்க வேண்டும். ஏழாவதிலேயே பாவம், அவனுக்கு இருமல் வந்துவிடும். ராணியின் தம்பி தளவாய் மருதராயனுக்கோ அதைக் கேட்டாலே வயிறு எரியும்.

மருதராயன் எழுந்தான். "மாமன்னா, காது குத்தும் பாக்கியம் விகடகவிக்கே கிடைக்கட்டும். ஆனால் இளவரசர் ஒருமுறை பிளிறினாலும் விகடகவி குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போக வேண்டும்."

"அப்படியே ஆகட்டும்!" என்றார் ராஜா.

திருமேனி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மனைவி அலமேலு மூட்டை கட்டத் தொடங்கினாள். "ஒன்பது பட்டம் வாங்கினீங்களே, ஒண்ணாவது யானைகிட்டச் செல்லுமா?"

ஏழு வயது மகள் பூவாய் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஏண்டி சிரிக்கிறே? ஊரைவிட்டே போகப்போறோம்!" என்றார் திருமேனி.

"எனக்குக் காது குத்தறப்ப மாமா மடியிலதானேப்பா உக்கார வச்சீங்க? கால் மரத்துப்போச்சுன்னு மாமா என்னைவிட அதிகமா அழுதாரே! இந்த யானைக்கு மாமா யாரு? ராணியம்மா தம்பிதானே?"

திருமேனிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மகளை அப்படியே தூக்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பந்தலில் நாயனம் முழங்கியது. இளவரசர் பட்டு உடுத்தி, புரோகிதரின் மாலையைத் தின்றுகொண்டிருந்தார். திருமேனி தங்க ஊசியோடு வணங்கினார்.

"மாமன்னா, ஊசி தயார். முறைப்படி இளவரசர் தாய்மாமன் மடியில் அமர வேண்டும். மகாராணியாரின் தம்பி மணையில் எழுந்தருளட்டும்!"

மருதராயனை மணையில் உட்கார வைத்தார்கள். குட்டி மெல்லத் திரும்பித் தன் பின்புறத்தைக் காட்டி, உட்காரப் பார்த்தது.

"ஐயோ, இது யானை!" என்று அலறினான் மருதராயன்.

"என்ன சொன்னாய்? என் பிள்ளையையா?"

"சத்தியமா யானைதான் மகாராஜா! மூக்கு தரைவரைக்கும் தொங்குது பாருங்க! யானைக்கு எதுக்குக் காதுகுத்து?"

திருமேனி ஊசியைக் கீழே வைத்தார். "இளவரசருக்குக் காது குத்தத்தான் எனக்கு உத்தரவு. யானைக்குக் குத்த உத்தரவில்லையே, மாமன்னா."

தளவாய் அதற்குள் பந்தற்காலில் பாதி ஏறியிருந்தான். ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் உருண்டது.

"பிரமாதம்! பிடியும் பத்தாவது பட்டத்தை!"

வாங்கிக்கொள்ளத் திருமேனிக்கு ஆசைதான். ஆனால் மனம் கேட்கவில்லை. "யோசனை என்னுடையதல்ல மாமன்னா. என் மகள் பூவாயுடையது."

ராஜா பூவாய்க்கு முத்துமாலை போட்டார். திருமேனியையும் அலமேலுவையும் தம் பக்கத்து ஆசனங்களில் அமர்த்தினார். அலமேலு அழுதே விட்டாள்.

மறுநாள் திருமேனி கட்டியக்காரனிடம், "ஒன்பதையும் விட்டுடப்பா, ஒண்ணு போதும்" என்று காதில் சொன்னார்.

"பூவாயைப் பெற்ற அப்பா வருகிறார்!" என்று முழங்கினான் கட்டியக்காரன். இருமலே வரவில்லை. மூச்சு நிறைய மிச்சமிருந்ததால், பின்னால் வந்த தளவாய்க்கும் சேர்த்து முழங்கினான்:

"யானைக்குட்டியின் தாய்மாமன் வருகிறார்!"