ஆளுக்கு ஒரு வாய்

ஒரு காட்டுக் குளத்தில் விரால் மீன் ஒன்று தன் குஞ்சுகளோடு குடியிருந்தது. குஞ்சுகள் பொடிப்பொடியாக, செக்கச்செவேல் என்று இருக்கும். அவை கூட்டமாக எங்கே நீந்தினாலும் தாய் விரால் அடியிலேயே காவலுக்குப் போகும்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. மாசி முடிவதற்குள் குளம் பாதியாகச் சுருங்கிப் போனது. பக்கத்து ஆறு காய்ந்து மணலாகக் கிடந்தது. சுற்று வட்டாரத்தில் வேறு குளமும் கிடையாது.

அதுவரை அங்கே தண்ணீர் குடிக்க ஒரு வழக்கம் இருந்தது. முதலில் யானை, பிறகு காட்டெருமை, பிறகு கரடி, பன்றி என்று வரிசை. பெரிய உடம்பு முன்னால், சின்ன உடம்பு பின்னால். ஏன் அப்படி என்று கேட்டால், "எங்க பாட்டன் காலத்திலேர்ந்து அப்படித்தான்!" என்று பதில் வரும். தண்ணீர் நிறைய இருந்தவரை யாருக்கும் அது உறுத்தவில்லை. இப்போதோ, முயல் கரைக்கு வரும்போது கலங்கல்தான் மிச்சம்.

"இது அநியாயம்!" என்று முயல்கள் கத்தின. பறவைகளும் சேர்ந்து கத்தின.

காட்டுக்குத் தலைவராக இருந்தது ஒரு கரடி. நல்ல மனசு. ஆனால் யோசிப்பதற்கு முன்னாலேயே பேசிவிடும்.

"எல்லாரும் கேட்டுக்குங்க!" என்றது கரடி. "இனிமே பெரியவன், சின்னவன் கிடையாது. எல்லாரும் சமம்! கரைக்கு வர்ற ஒவ்வொருத்தருக்கும் ஒரு நாளைக்கு ஒரு வாய் தண்ணி. ஆளுக்கு ஒரு வாய்! அவ்வளவுதான் சட்டம்!"

காடே ஆரவாரம் செய்தது. யானைகூடத் துதிக்கையைத் தூக்கி ஆமோதித்தது. இவ்வளவு எளிமையான சட்டத்தை யார்தான் வேண்டாம் என்பார்கள்?

மறுநாள் காலையில் முதல் ஆளாகத் தேன்சிட்டு வந்தது. ஊசி மூக்கை நனைத்தது. ஒரு சொட்டு உள்ளே போனது. "என் வாய் ஆச்சு!" என்று பறந்துவிட்டது.

அடுத்து யானை வந்தது. துதிக்கை நிறைய உறிஞ்சி வாயில் ஊற்றியது. மறுபடி உறிஞ்சி ஊற்றியது. மறுபடியும்.

"அண்ணே, அண்ணே! ஒரு வாய்னுதானே சொன்னோம்!" என்று கரடி பதறியது.

யானை வாயைத் திறந்தபடியே பேசியது. "நான் இன்னும் வாயை மூடவே இல்லையே! மூடினாத்தானே ஒரு வாய் முடியும்?"

கரடி தலையைச் சொறிந்தது. சட்டத்தை மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தது. யானை சொன்னதில் தப்பு எதுவும் தட்டுப்படவில்லை.

யானைமேல் கோபப்படாதீர்கள். அது ஏமாற்றவில்லை. அவ்வளவு பெரிய உடம்புக்கு அந்த ஒரு வாயும் பற்றவில்லை. தாகத்தோடுதான் திரும்பியது. திரும்பிய எரிச்சலில், பூத்து நின்ற முருக்கமரத்தின் கிளையை ஒடிக்கப் போனது.

"ஐயோ, வேண்டாம் அண்ணே!" என்று தேன்சிட்டு கீச்சிட்டது. "இந்தப் பூவிலதான் எனக்குச் சாப்பாடே!"

"தாகம் எடுத்தா எனக்குக் கோபம் வருது. கோபம் வந்தா மரம் ஒடியுது. நான் என்ன செய்ய?"

தேன்சிட்டு யோசித்தது. "தேன் குடிக்கிறவளுக்குத் தண்ணி எதுக்கு? நாளையிலேர்ந்து என் வாயை நீங்க எடுத்துக்குங்க. மரத்தை விட்டுருங்க!"

"அட, சரி!" என்றது யானை.

ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கினார்கள். புத்தகத்தில் இதற்குப் பண்டமாற்று என்று பெயர். தேன்சிட்டுக்கு மரம் மிஞ்சியது, யானைக்குத் தண்ணீர் கிடைத்தது. இரண்டு பேருக்கும் சந்தோஷம். இதில் யார் என்ன குறை சொல்ல முடியும்?

மறுநாள் யானை தன் வாய்த் தண்ணீரைக் குடித்து வாயை மூடியது. உடனே மறுபடி திறந்தது. "இது தேன்சிட்டோட வாய்!" என்று அறிவித்துவிட்டு, துதிக்கை துதிக்கையாக ஊற்றிக்கொண்டது. தேன்சிட்டின் ஒரு சொட்டு, யானை வாய்க்குள் ஒரு அண்டாவாகிப் போனது. கரடி மறுபடியும் தலையைச் சொறிந்தது.

செய்தி பரவியது. மைனாக்கள் தங்கள் வாய்களைக் காட்டெருமையிடம் கொடுத்து, அதன் முதுகில் உண்ணி பொறுக்கும் உரிமையை வாங்கின. பார்த்துக்கொண்டிருந்த நரிக்கு மூளை வேலை செய்தது. நேரே எறும்புப் புற்றுக்கு ஓடியது.

"எறும்புகளே, நீங்க கரைக்கு வர்றது உண்டா?"

"வர்றோமே! ஈரமண் எடுக்க."

"அப்ப உங்களுக்கும் ஆளுக்கு ஒரு வாய் இருக்கே!" என்றது நரி. ஒரு தேனடைத் துண்டைப் போட்டு, புற்றிலிருந்த அத்தனை எறும்புகளின் வாயையும் வாங்கிவிட்டது. பிறகு கரையில் நின்று கூவ ஆரம்பித்தது. "வாய் வேணுமா, வாய்! எறும்பு வாய், ஈசல் வாய்! கிழங்கு கொடுங்க, வாய் வாங்குங்க!"

பன்றி கிழங்கு கொடுத்து வாய் வாங்கியது. காட்டெருமைக்குக் கொடுக்கக் கிழங்கு இல்லை. "ராத்திரி சிறுத்தை வந்தா விரட்டிவிடறேன்" என்று காவல் பேசி வாங்கியது. முதல் நாள் ஒரு கிழங்குக்கு ஒரு வாய். நாலு நாள் போனதும் ஒரு கிழங்குக்கு ஒரு கூடை வாய். வாய் மலிந்துகொண்டே போனது, தண்ணீர் குறைந்துகொண்டே போனது. சந்தைக்கு வந்தவர்கள் எல்லாருக்கும் லாபம். சட்டத்தை யாரும் மீறவில்லை. பிறகு எப்படிக் குளம் வற்றுகிறது? சொல்லிக்கொண்டு வரும் எனக்கே தலை சுற்றுகிறது. பாவம், கரடிக்கு எப்படி இருந்திருக்கும்!

ஒரு நாள் மத்தியானம் பார்த்தால், குளத்தின் நடுவில் ஒரு பள்ளத்தில் மட்டும்தான் தண்ணீர். தாய் விரால் சேற்றில் வயிறு உரசக் கிடந்தது. குஞ்சுகள் அதன் முதுகுமேல் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. கரடி அவசரமாகக் கூட்டம் போட்டது.

"தண்ணி எங்கே போச்சு?"

"நான் ஒரு வாய்தான் குடிச்சேன்!" என்றது முயல். "நான் அதுகூடக் குடிக்கலை!" என்றது தேன்சிட்டு. "நான் வாங்கினதைத்தான் குடிச்சேன்!" என்றது யானை. எல்லாரும் சொன்னது உண்மை. எல்லாரும் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நரி மெல்லப் பள்ளத்தைக் காட்டியது. "தலைவரே, அதோ பாருங்க. அந்த விரால் பொழுதுக்கும் மேலே வந்து வந்து வாயைத் திறக்குது! ஒரு வாயா, ரெண்டு வாயா? கூடவே அத்தனை குஞ்சு!"

"அட ஆமாம்!" என்று கூட்டம் கூவியது. குழம்பிப் போனவர்களுக்குக் குற்றவாளி ஒருவர் கிடைத்தால் எவ்வளவு நிம்மதி!

"ஐயா, நான் வாயைத் திறக்கிறது காத்துக்கு!" என்று விரால் கதறியது. "நான் குடிச்சுத்தான் தண்ணி குறையுதா? நான் இருக்கிற வீடு ஐயா இது!"

"நீ பேசவே கூடாது" என்றது நரி. "கரைக்கு வர்றவங்களுக்குத்தான் சட்டம். நீ ஒரு நாளாவது கரைக்கு வந்திருக்கியா? சட்டப்படி உனக்கு வாயே கிடையாது!"

"நான் எப்படி ஐயா கரைக்கு வர்றது?"

கரடி விழித்தது. மீன் எப்படிக் கரைக்கு வரும்? ஆனால் சட்டத்தில் அப்படித்தானே இருக்கிறது!

"நான் சேத்துல புதைஞ்சு பிழைச்சுக்குவேன்" என்றது விரால். "என் குஞ்சுங்களுக்கு அது தெரியாது. தண்ணி போனா அதுங்க செத்துடும். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லுங்க. ஆளுக்கு ஒரு வாய்னு சொன்னீங்களே, யாரோட வாய்?"

கரடிக்குக் கேள்வி புரியவில்லை. "வாய்னா வாய்தான்! எல்லார் வாயும் வாய்தானே? இதுல என்ன குழப்பம்? சந்தேகம் இருந்தா இப்பவே காட்டறேன். தேன்சிட்டு, நீ ஒரு வாய் குடி!"

தேன்சிட்டு ஒரு சொட்டு குடித்தது. பள்ளத்தில் எதுவும் மாறவில்லை.

"யானையண்ணே, இப்ப நீங்க!"

யானை துதிக்கையை இறக்கி ஓர் இழுப்பு இழுத்தது.

பள்ளம் காலியாகிவிட்டது. தாய் விரால் வெறும் சேற்றில் புரண்டது. மூன்று குஞ்சுகள் அதன் பக்கத்தில் துள்ளின. மற்ற குஞ்சுகளைக் காணோம்.

யானையின் துதிக்கைக்குள் ஏதோ நெளிந்தது. யானை அப்படியே நின்றது. வாயில் ஊற்றினால் குஞ்சுகள் வயிற்றுக்குள், கீழே விட்டால் தனக்குத் தாகம். துதிக்கை நிறைய இருந்ததால் பேசவும் முடியவில்லை.

"முழுங்குங்க அண்ணே! உங்க வாய் அது!" என்று நரி கத்தியது.

"குடிக்காதே! இல்லை, குடி! ஐயோ, சட்டம் என்னய்யா சொல்லுது?" என்று கரடி அங்குமிங்கும் ஓடியது.

தாய் விரால் யாரையும் பார்க்கவில்லை. துள்ளுவதை நிறுத்திவிட்ட ஒரு குஞ்சை மூக்கால் தள்ளிக்கொண்டிருந்தது. தள்ளத் தள்ள அது அசையவே இல்லை.

யானை துதிக்கையைத் தாழ்த்தியது. மெல்ல, மெல்லத் தண்ணீரைப் பள்ளத்திலேயே விட்டது. செந்நிறக் குஞ்சுகள் ஒவ்வொன்றாக வெளியே விழுந்து தாயின் முதுகுக்கு ஓடின. போன குஞ்சு போனதுதான்.

"நான் தண்ணி குடிக்கிறேன்னு நினைச்சேன்" என்றது யானை. "ஒரு குடும்பத்தோட வீட்டையே உறிஞ்சிட்டேன்."

ஒரு யானை வாய் என்றால் ஒரு குளம் என்பதை எல்லாரும் கண்ணால் பார்த்துவிட்டார்கள். யானை திரும்பி, காய்ந்த ஆற்றுப் படுகைக்கு நடந்தது. முன்காலால் மணலைப் பறித்துப் பறித்துத் தள்ளியது. தாகத்தில் அதற்குக் கால் தள்ளாடியது. மற்றவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டே வந்து மண்ணை அள்ளினார்கள். சாயங்காலம் அடிமணல் ஈரமானது, பிறகு கொஞ்சம் தண்ணீர் கசிந்தது.

"அருமை!" என்றது நரி. "தலைவரே, இந்த ஊத்துக்கு என்ன சட்டம்? ஆளுக்கு எவ்வளவு?"

கரடி வழக்கம்போல உடனே பேசப் போனது. பிறகு நிறுத்திக்கொண்டது. அது ஊற்றைப் பார்த்தது, யானையைப் பார்த்தது, தேன்சிட்டைப் பார்த்தது.

"தெரியலையே" என்றது. "முதல்ல போய் அந்த விராலைக் கேட்டுட்டு வரேன்."

இருப்பதைப் பழக்கத்தால் பகிர்ந்தாலும், சட்டத்தால் பகிர்ந்தாலும், சந்தையில் விற்று வாங்கினாலும், எதைக் கொண்டு அளக்கிறோம், யாரை விட்டுவிட்டோம் என்று முதலில் பார்க்காதவர்கள் நியாயமாக நடந்துகொண்டே அநியாயம் செய்வார்கள்.