செயலாளர் வீட்டுச் சாப்பாடு

அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர் தணிகாசலம் சைபர் பாதுகாப்பு வகுப்புக்கு ஒரே ஒரு நாள் போய் வந்தார். போதாதா? ஊரிலுள்ள திருடனெல்லாம் தம் கேட்டில்தான் வந்து நிற்பான் என்று முடிவுகட்டி, அங்கே ஒரு போர்டு மாட்டிவிட்டார். வெளியாட்கள் ஆதார் நகல் கொடுக்க வேண்டும். யாருக்கும் ஓடிபி சொல்லக் கூடாது. சொன்னால் ஆயிரம் ரூபாய் அபராதம், கேட்டவனுக்குப் போலீஸ்.

மறுநாள் மதியம் பிரியாணி கொண்டுவந்த ஜெபராஜை அவரே வழிமறித்தார்.

"ஆதார் நகலை எடு. இல்லேன்னா உன் கம்பெனிக்குப் புகார் போகும், வேலை போயிடும்."

"சாப்பாடு கொடுக்க ஆதார் எதுக்கு சார்?"

"சட்டம்னா சட்டம்தான்!"

ஜெபராஜ் போர்டை நிதானமாகப் படித்துவிட்டு வண்டியைத் திருப்பினான். "அப்ப நான் வரேன் சார்."

"டேய், அது என் பிரியாணிடா!"

"ஓடிபி இல்லாம தர முடியாது சார். கேட்டா என்னைப் போலீஸ்ல கொடுப்பீங்க."

"நீ கேக்காதே, நானே சொல்றேன். நாலு, ஏழு..."

ஜெபராஜ் காதைப் பொத்திக்கொண்டான். "ஐயையோ, சொல்லாதீங்க சார்! ஆயிரம் ரூபாய் போயிடும்!"

வாட்ச்மேன் அபராத ரசீதுக்குப் பேனாவையே திறந்துவிட்டார். பையிலிருந்து மசாலா வாசனை வேறு வந்து ஆளைத் தூக்கியது. தணிகாசலம் போர்டைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடிபியைச் சொன்னார்.

சாயங்காலம் போர்டு மறுபடி ஏறியது, புது வரியோடு: 'இச்சட்டம் செயலாளர் வீட்டுச் சாப்பாட்டுக்குப் பொருந்தாது.'

ஜெபராஜ் அதைப் படம் பிடித்துத் தன் கூட்டாளிகளுக்கெல்லாம் அனுப்பினான். அதன் பிறகு அந்தக் கேட்டில் ஒருவரும் ஆதார் நீட்டியதில்லை. யார் எதைக் கொண்டுவந்தாலும், அது செயலாளர் வீட்டுச் சாப்பாடுதான்.