கருப்பன் படியும் கள்ளன் கண்ணும்

ஆலங்கோட்டையை ஆண்ட முத்துவிசய ராசாவுக்கு எல்லாம் நேராக இருக்க வேண்டும். தோட்டத்து வாழைகூட நூல் பிடித்த மாதிரி நிற்க வேண்டும். அப்படிப்பட்டவர் ஒரு நாள் காலையில் கதை மண்டபத்துக்குள் நுழைந்தார். வினை அங்கேதான் பிடித்தது.

கதை மண்டபத்தில் ஐந்து பேர் இருந்தார்கள். ஊர் ஊராகப் போய்ச் சாமி கதைகளைக் கேட்பார்கள். ஓலையில் எழுதுவார்கள். ஓர் ஊர்க் கதையை இன்னோர் ஊர்க் கதைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் தலையைச் சொறிவார்கள். ராசாவின் பாட்டனார் ஏற்படுத்தி வைத்த வேலை அது. ஐவருக்கும் தலைவர் ஏகாம்பரம். சபையில் ராசாவைச் சிரிக்க வைக்கிற வேலையும் அவருடையதுதான்.

ராசா இரண்டு ஓலைகளைப் படித்தார். நாட்டைக் காக்கும் அம்மன் வெள்ளத்தில் பெட்டியோடு மிதந்து வந்தாள் என்றது மேலூர் ஓலை. மின்னலாக விழுந்தாள் என்றது கீழூர் ஓலை.

"ஒரு அம்மன் எத்தனை தடவை ஐயா வருவாள்?" என்றார் ராசா.

ஏகாம்பரம் வாயைத் திறப்பதற்குள், கூட வந்த தளவாய் வீரபெருமாள் முந்திக்கொண்டார். இவர் படைத்தலைவர். புதுக் குதிரைகளைக் கட்ட இடமில்லாமல் அந்த மண்டபத்தையே சுற்றிச் சுற்றி வந்தவர்.

"ஒன்று பொய், மகாராசா. என்னைக் கேட்டால் இரண்டும் பொய். சோற்றைத் தின்றுவிட்டுப் பொய்யைப் படிக்க ஐந்து பேர். என் குதிரை தின்றால் ஓடவாவது செய்யும்."

ராசாவுக்கு அது நேரான பேச்சாகப் பட்டது.

"ஏகாம்பரம், வெள்ளிக்கிழமைக்குள் எல்லாக் கதையையும் மெய் ஒரு பக்கம், பொய் ஒரு பக்கம் என்று பிரித்து வையும். பொய் நெருப்புக்குப் போகட்டும். மெய் ஒன்றுகூடத் தேறாவிட்டால் மண்டபம் குதிரைக்கு. நீங்கள் ஐந்து பேரும் ஏர் பிடிக்கப் போகலாம்."

ஏகாம்பரத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை. மற்ற நால்வரில் இருவர் ஏரைக் கோயில் சிற்பத்தில்தான் பார்த்திருந்தார்கள்.

"எல்லாம் மெய் என்று சொல்லிவிடுங்களேன். யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்?" என்றாள் அவர் மனைவி வடிவு.

"தளவாய் போய்ப் பார்ப்பார்."

"அப்போ எல்லாம் பொய் என்று சொல்லுங்கள்."

"அதற்கு அவரே போதும், நான் எதற்கு?"

வெள்ளிக்கிழமை சபை கூடியது. முற்றத்தில் நெருப்பு தயாராக எரிந்தது. ஏகாம்பரம் ஒரே ஒரு ஓலைக்கட்டோடு வந்தார்.

"மற்றது எங்கே?" என்றார் ராசா.

"இதில் தீர்ப்பு வந்தால் மற்றதும் அதன் பின்னாலேயே போய்விடும், மகாராசா. தீர்ப்பைத் தளவாய் அவர்களே சொல்லட்டும். மெய்யும் பொய்யும் அவருக்குத்தான் பார்த்த மாத்திரத்தில் தெரிகிறது."

தளவாய் மீசையைத் தடவிக்கொண்டார். ஏகாம்பரம் படித்தார். கோட்டைவாசல் கருப்பன் கோயில் கதை அது. குதிரை திருடிய கள்ளன் ஒருவன் கருப்பன் படியில் ஏறி, 'நான் எடுக்கவில்லை' என்று சத்தியம் செய்தான். இறங்கும்போது கடைசிப் படி அவனுக்குத் தெரியவில்லை. இரண்டு கண்ணும் போயிருந்தன.

"பொய்," என்றார் தளவாய். "நான் பிடித்த குதிரைக் கள்ளன் எவனுக்கும் பார்வையில் குறையே கிடையாது."

"சரி. தங்கள் கையாலேயே நெருப்பில் போடுங்கள். ஒரு நிமிஷம், பறையடிக்கிறவரை வரச் சொல்லிவிடுகிறேன்."

"அவர் எதற்கு?"

"ஊருக்குச் சொல்ல வேண்டாமா? இன்று முதல் கருப்பன் படியில் செய்த சத்தியம் எதுவும் செல்லாது என்று. வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுவோம் என்று பதினோரு ஊர்க்காரர்கள் அங்கேதான் சத்தியம் செய்தார்கள். அவர்கள் இனி இஷ்டம்போல் வெட்டிக்கொள்ளட்டும். படைவீரர் முந்நூறு பேரும் அங்கேதான் சத்தியம் செய்தார்கள். அவர்களும் வீட்டுக்குப் போகலாம்." ஏகாம்பரம் ஓலையை மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டினார். "அப்புறம் தளவாய் அவர்களே, சிங்காசனத்துக்கு எதிராக வாள் எடுக்கமாட்டேன் என்று போன தையில் தாங்களும் அந்தப் படியில்தானே நின்றீர்கள்? ஓலை எரிந்ததும் தாங்களும் விடுதலை."

ஓலையை வாங்கிய தளவாயின் கை அப்படியே நின்றது. ராசா இருக்கையின் விளிம்புக்கு வந்துவிட்டார்.

"போடுமே தளவாய். பொய்தானே?"

தளவாய் நெருப்பைப் பார்த்தார். ராசாவைப் பார்த்தார். நெருப்பே தேவலை போலிருந்தது.

"மகாராசா, யோசித்துப் பார்த்தால்... அந்தக் கள்ளனுக்குக் கண் போயிருக்கும் என்றுதான் தோன்றுகிறது."

"இப்போது மெய்யா?"

"மெய்யேதான்."

ராசா ஏகாம்பரத்தின் பக்கம் திரும்பினார். "நீர் சொல்லும். மெய்யா, பொய்யா?"

"கள்ளனின் கண்ணை நான் பார்த்ததில்லை, மகாராசா. படியிலிருந்து இறங்குகிறவர்களின் கண்ணைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொருவரும் ஒரு தடவை கசக்கிப் பார்த்துக்கொள்கிறார்கள். ஒரு கதை எப்படி அத்தனை பேரைக் கசக்க வைக்கிறது என்றுதான் பன்னிரண்டு வருஷமாகப் படிக்கிறோம். இன்னும் பாதிகூடத் தாண்டவில்லை."

ராசா வயிறு குலுங்கச் சிரித்தார். மண்டபம் தப்பியது. ஐவருக்கும் ஆளுக்கொரு பட்டு கிடைத்தது. மூட்டிய நெருப்பை வீணாக்காமல் பொங்கல் வைத்தார்கள். ஆனாலும் ராசா ராசாதானே. சிரிப்பு அடங்குமுன்பே, சபையில் உள்ள அத்தனை பேரும் ஞாயிற்றுக்கிழமை கருப்பன் படியேறி இன்னொரு தடவை சத்தியம் செய்யும்படி உத்தரவு போட்டார்.

செய்தார்கள். தளவாயும் செய்தார்.

திங்கட்கிழமை மத்தியானம் தளவாய் தனியாகக் கதை மண்டபத்துக்கு வந்தார். வாளைக்கூட வாசலிலேயே வைத்துவிட்டார்.

"ஓய் ஏகாம்பரம், அந்தக் கள்ளன்... அவனுக்கு அன்றைக்கே கண் போனதா? இல்லை, நாள் ஏதும் தள்ளிப் போனதா?"

"ஓர் ஊரில் அன்றைக்கே என்கிறார்கள். இன்னோர் ஊரில் எட்டாம் நாள் என்கிறார்கள்."

தளவாய் விரல்விட்டு எண்ணினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"பரிகாரம் என்று எந்த ஊரிலாவது ஏதாவது சொல்கிறார்களா?"

ஏகாம்பரம் எழுந்து ஒரு பாயை விரித்துப் போட்டார்.

"உட்காருங்கள். நாங்கள் ஐந்து பேரும் எங்கள் கண்ணுக்காக அதைத் தேடித்தான் படிக்க வந்தோம்."