பிரியாத பிளாஸ்திரி

இயக்குநர் சந்தானகிருஷ்ணன் பேசினால் அந்த ஆய்வகத்தில் ஃபேன்கூட அடக்கமாகச் சுற்றும். தீக்காயத்துக்கான பாலிமர் பிளாஸ்திரி வலிக்காமல் கழன்று வர வேண்டும் என்று இளநிலை ஆய்வாளர் எஸ்தர் சொல்லும்போதெல்லாம் எரிந்து விழுவார்.

"ஒட்டினா பிரியவே கூடாது. அது போதும்!"

"சரிங்க சார்."

விருந்தினர் வந்த அன்று, ஆய்வக வழக்கப்படி முதல் துண்டை எஸ்தர் இயக்குநர் கையிலேயே ஒட்டினாள். ஆளாளுக்கு மெல்ல இழுத்துப் பார்த்தும் அசையவில்லை. கைதட்டல் எழுந்து ஓய்ந்தது.

"எடும்மா."

எஸ்தர் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். முடியோடு தோலும் எழும்பியது.

"ஐயோ! வலிக்காம எடு!"

தயாராக வைத்திருந்த வெதுவெதுப்பான நீரை ஊற்றினாள். பிளாஸ்திரி தானாக நழுவியது.

"தீக்காய வார்டுல குழந்தைங்க தினமும் இதைத்தான் கத்துறாங்க சார். உங்களுக்கு இன்னைக்குத்தான் கேட்டுது."