தொண்டையில் தங்கிய மகள்

உவர்நாட்டில் உயிர் தானாகப் போகாது. சாகிறவர் வாயில் கடைசி மடக்குத் தண்ணீரை யார் ஊற்றுகிறாரோ, அவர் தொண்டையில் வந்து தங்கிக்கொள்ளும். ஊற்றியவர் கழிமுகத்துக்குப் போய், நிழல் காலடியில் ஒடுங்கும் உச்சி வேளையில் ஓடத்தெய்வம் வரும்போது, இறந்தவர் பெயரைச் சொல்லி இறக்கிவிட வேண்டும். அக்கரை சேர்ந்த உயிர்கள் பெயரோடு துறையில் நிற்கும். வருகிற ஒவ்வொரு ஓடத்திலும் தம் மனிதர்கள் இருக்கிறார்களா என்று பார்க்கும். ஒருவர் தம் வாழ்நாளில் ஓர் உயிரைத்தான் இறக்கலாம். இரண்டாவதை இறக்கினால் அவரும் கூடவே ஏற வேண்டியதுதான். அதனால் ஒரு முறை இறக்கியவர்கள் நோயாளி கிடக்கும் வீட்டில் தண்ணீர்ப் பாத்திரத்தைத் தொட மாட்டார்கள்.

மாசாத்தி தொட்டுவிட்டாள். தன் தாயை முன்பே இறக்கியவள் அவள். காய்ச்சலில் கிடந்த மகள் அன்று காலை எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். தம்பியின் காலைக் கிள்ளி அழவும் வைத்தாள். கணவன் ஆதன் நிம்மதியாக வலையைப் பார்க்கப் போனான். "அம்மா, தண்ணி" என்று மகள் கேட்டபோது, பிழைத்துக்கொண்ட பிள்ளைதானே என்று மாசாத்தி ஊற்றினாள். மகள் பாதியைக் குடித்தாள். மீதி அவள் கழுத்தில் வழிந்தது.

வயிற்றில் இருந்தபோது உதைத்த அதே உதை, இப்போது மாசாத்தியின் தொண்டையில். அமாவாசைக்குள் இறக்காவிட்டால் உயிர் அங்கேயே உலர்ந்து இல்லாமல் போகும். இறக்கினால் மாசாத்தி போய்விடுவாள். பால் மறக்காத மகன் இருக்கிறான். எச்சில் விழுங்கவும் பயந்துகொண்டு நாளைத் தள்ளினாள். அமாவாசையன்று உதை அடங்கி வெறும் துடிப்பாகிவிட்டதும் கழிமுகத்துக்கு ஓடினாள். ஆதன் மகனைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தான்.

ஓடத்தெய்வம் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தது.

"உன்ன முன்னமே பாத்திருக்கேனே. கிழவி ஒருத்தியை ஏத்திவிட்டே. ஓடம் ஒழுகுது, ஓடம் ஒழுகுதுன்னு வழியெல்லாம் என்னைத் திட்டிக்கிட்டே வந்தா."

"எங்கம்மாதான், சாமி."

ஆதன் அவள் காதருகே குனிந்தான். அவன் இதுவரை யாரையும் இறக்காதவன். "நீ வாயத் தொறக்காதே. தண்ணி ஊத்துனது நான்னு சொல்லிடறேன். பேரை நான் சொன்னாலும் அவ இறங்கிடுவா."

"பொய் சொன்னவங்களை ஓடம் ஏத்தாதுங்க. செத்த பிறகு இந்தக் கரையில நுரையா கெடப்பீங்க."

"கெடந்துட்டுப் போறேன். எனக்கென்ன, உப்புத்தண்ணி புதுசா?"

தெய்வம் காதில் விழாதது போல வானத்தைப் பார்த்தது. பிறகு மாசாத்தியிடம் மட்டும் பேசியது.

"இன்னொரு வழி இருக்கு. அவ பேரையே எங்கிட்ட குடுத்துடு. பேரில்லாத உயிரை யார் இறக்கினாங்கன்னு நான் கேக்கறதில்ல. நீ வீட்டுக்குப் போகலாம், அவ அக்கரை சேருவா. ஆனா உங்களை அவளுக்குத் தெரியாது. உங்க நாக்குலயும் அந்தப் பேர் இருக்காது."

"பேர அழிச்சு அனுப்பறதுக்கு எம்பொண்ணு என்ன, கரையொதுங்குன கட்டையா?" என்றான் ஆதன். "தள்ளு, நான் சொல்றேன்."

அவன் வாயெடுப்பதற்குள் மாசாத்தி உள்ளங்கையால் அவன் வாயைப் பொத்தினாள். "எடுத்துக்கங்க, சாமி" என்றாள்.

தொண்டை காலியானது. ஓடம் நகர்ந்தது. ஒருமுறை கூப்பிட்டுவிட நினைத்தாள். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. இந்தக் கதையில் மகளின் பெயர் இல்லாததற்கும் அதுதான் காரணம்.

"காய்ச்சல் பாதிதான் கொன்னுச்சு. மீதிய நீ கொன்னுட்டே" என்றான் ஆதன்.

தன் அக்கரையை இழந்தாவது மகளின் பெயரைக் காக்க நினைத்தான் தந்தை. பெயரை இழந்து மகளை அக்கரை சேர்த்தாள் தாய். இதில் யார் செய்தது சரி?

விடை: தாய் செய்தது சரி. விலை யார் தலையில் விழுகிறது என்று பார்க்க வேண்டும். தாய் கூடவே ஏறியிருந்தால், அது கைக்குழந்தையின் தலையில் விழுந்திருக்கும். ஆதன் தன்னை மட்டும் கொடுப்பதாக நினைத்தான். ஆனால் பெயரோடு போன மகள் துறையில் நின்று, வருகிற ஓடத்திலெல்லாம் அப்பாவைத் தேடியிருப்பாள். அவன் வரவே மாட்டான். அந்தக் காத்திருப்புக்கு முடிவில்லை. பெயரில்லாமல் போனவள் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். துயரம் முழுவதும் இக்கரையில், பெற்றவர்களிடம் நின்றுவிட்டது. ஆதனைக் கேட்காமல் அவன் பங்கையும் கொடுத்துவிட்டாள் என்ற பழி மாசாத்திக்கு உண்டு, அது கழியாது. செய்தது சரி என்று அவளிடம் சொல்ல இதுவரை யாருக்கும் துணிவு வரவில்லை. மகனைச் சாப்பிடக் கூப்பிடும்போது அவள் வாய் முதலில் வேறொரு பெயருக்காகத் திறக்கிறது. ஒன்றும் வருவதில்லை. பிறகுதான் மகனின் பெயர் வருகிறது.